ஒன்றா, ஏழா

எதிர்வீட்டு ஆங்கிலேயர் முதன்முதலாக எங்கள் கதவைத் தட்டியபோது நான் திறக்கவில்லை. யன்னல் சீலையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தேன். ஐம்பது வயது மதிக்கக்கூடிய மனிதர். கையில் ஒரு கட்டுத் தாள். தாள்க்கட்டோடு வாசலில் நிற்கும் வெள்ளைக்காரர் ஒன்றில் மதம் பரப்ப வந்தவராக இருப்பார், அல்லது அரசாங்கத்து ஆளாக இருப்பார் என்று மெல்பேணுக்கு வந்த ஒன்றரை வருடத்தில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். இரண்டு பேரோடும் எனக்கு அலுவல் இல்லை. மூன்று தரம் தட்டிப் பார்த்துவிட்டு அவர் தெருவைக் கடந்து திரும்பிப் போனார்.

1974ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள் அவை. கிளென் வேவர்லியில் ரயில் பாதை முடிந்துவிடும். அதற்கப்பால் பழமரங்களைப் பிடுங்கி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவுக்கு இன்னும் தார் போடவில்லை. மழை நாட்களில் வேலைக்குப் போகிறவர்கள் நல்ல சப்பாத்தைப் பையில் வைத்துக்கொண்டு பழைய சப்பாத்தோடு ஸ்டேஷனுக்கு நடப்பார்கள். தெருவில் நாங்கள் மட்டும்தான் தமிழர். என் கணவர் இலங்கையில் பொறியியலாளர். இங்கே வீதி போடும் ஒரு திணைக்களத்தில் வரைபடம் கீறினார். நான் கொழும்பில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் பன்னிரண்டு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். இங்கே வேலை தேடி, கொண்டுவந்த சின்னத் தட்டெழுத்துப் பொறியில் நாள் முழுக்க விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தம்தான் அவரைக் கூட்டிவந்தது. சனிக்கிழமை கணவர் வீட்டில் நிற்கும்போது மறுபடி வந்தார். கதவைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

"இந்த வீட்டில் யாரோ தட்டெழுத்து அடிக்கிறீர்கள். நல்ல வேகம். யார்?" என்று கேட்டார். கணவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, குற்றத்தை ஒப்புக்கொள் என்று சொல்வதுபோல இருந்தது.

வந்தவர் தன்னைப் பற்றி ஒளிக்காமல் சொன்னார். வட இங்கிலாந்தில் ஒரு பஞ்சாலை நகரத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். இருபது வருடம் ஒரு கட்சியின் உள்ளூர்க் கிளைக்குச் செயலாளர். இப்போது இங்கே ஒரு மரக்கிடங்கில் வேலை. கையிலிருந்தது, பிரித்தானியப் பாராளுமன்றத்தைத் திருத்துவது பற்றி அவரே எழுதிய நாற்பது பக்கக் கட்டுரை. அடித்துத் தந்தால், சாய்ந்து கிடக்கும் எங்கள் பின்வேலியைக் கட்டித் தருவதாகச் சொன்னார்.

அவர் போன பிறகு கணவர் கதவைப் பூட்டிவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"உவர் ஆர் எண்டு எங்களுக்குத் தெரியாது. எங்களை ஆழம் பார்க்க ஆரும் அனுப்பியிருக்கலாம்."

"ஆரப்பா அனுப்பிறது?"

"இமிகிரேஷன்."

"எங்களைப் பிடிக்கிறதுக்கு இமிகிரேஷன் நாற்பது பக்கம் எழுதுமே?"

"எழுதும். அவங்களுக்கு வேறை என்ன வேலை? இஞ்சேரும், அரசியல்காரரோட எங்களுக்கு ஒரு சங்காத்தமும் வேண்டாம். அங்கை பட்டது காணும்."

எனக்கும் சந்தேகம் இருந்தது. ஆனால் என் சந்தேகம் அவருடையதுபோல் கதவைப் பூட்டுகிற சந்தேகம் அல்ல. ஒருவர் எழுதியதை முதலிலிருந்து கடைசிவரை அடித்துப் பார்த்தால், அவர் எதை ஒளிக்கிறார் என்று தெரிந்துவிடும். அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் மேலதிகாரிகளின் கடிதங்களை அடித்து நான் கற்றது அது ஒன்றுதான். தாள்களை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் எழுத்தில் பிழைகள் நிறைய, கோபமும் நிறைய. பிறந்து வளர்ந்த தெருவை ஒரு புறவழிச் சாலைக்காக இடிக்கமாட்டோம் என்று கட்சி வாக்குக் கொடுத்ததாம். அந்த வாக்கை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சொன்னவர் அவர். தேர்தலில் வென்றார்கள், தெருவை இடித்தார்கள். தான் வேலைசெய்து வெல்லவைத்த உறுப்பினருக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. "எங்கள் தொகுதியில் கட்சியின் நிறத்தைப் பூசி ஒரு கழுதையை நிறுத்தினாலும் வெல்லும். பிறகு கழுதை எதற்குப் பதில் எழுதவேண்டும்?" என்று ஒரு பக்கத்தில் இருந்தது. அந்த வருடம் மட்டும் அங்கே இரண்டு பொதுத்தேர்தல்கள் நடந்திருந்தன. முதலாவதில் குறைந்த வாக்கு வாங்கிய கட்சிக்குக் கூடிய ஆசனம். குளிர்காலத்தில் மின்சாரம் இல்லாமல் மெழுகுதிரியில் இருந்துவிட்டு, சனங்கள் எந்தக் கட்சியையும் நம்பாமல் போனார்கள் என்று எழுதியிருந்தார்.

திருத்த வழிகளும் இருந்தன. வாங்கிய வாக்குக்கு ஏற்ற ஆசனம். மேல்சபையில் பிறப்பால் உட்கார்ந்திருப்பவர்களை அனுப்பிவிட்டுத் தேர்தல். சொன்ன சொல் தவறும் உறுப்பினரைத் தொகுதியே திருப்பி அழைக்கும் உரிமை. எழுதப்பட்ட ஓர் அரசியலமைப்பு. முடியரசின் பெயரால் எந்தத் தனி மனிதனுக்கும் அதிகாரம் இருக்கக்கூடாது என்பதற்கு மட்டும் ஆறு பக்கம்.

அடிக்க அடிக்க எனக்குள் ஒரு எரிச்சல் வளர்ந்தது. 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் கொழும்பில் ஒரு வாக்கெண்ணும் நிலையத்தில் நான் கடமை செய்தேன். எண்ணிய வாக்கில் பாதிகூட வாங்காதவர்கள் ஆசனத்தில் மூன்றில் இரண்டுக்கு மேல் எடுத்ததைக் கண்ணால் பார்த்தவள். அந்த மூன்றில் இரண்டை வைத்துத்தான் இரண்டு வருடம் கழித்துப் புது அரசியலமைப்பு எழுதினார்கள். அவர் நாற்பது பக்கத்தில் எழுதிய வியாதியை அவருடைய நாடுதான் எங்களுக்கு மருந்து என்று தந்துவிட்டுப் போனது.

அவர் பின்வேலி கட்ட வந்த ஞாயிற்றுக்கிழமை இதைச் சொன்னேன். ஆணியை வாயில் கவ்விக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"சிறுபான்மைக்குப் பாதகமாகச் சட்டம் போடக்கூடாது என்று எங்கள் அரசியலமைப்பில் உங்கள் ஆட்கள் ஒரு பிரிவு வைத்துவிட்டுப் போனார்கள்" என்றேன்.

"நல்லதுதானே?"

"அந்தப் பிரிவு இருக்கும்போதே சிங்களம் மட்டும் என்ற ஒரே மொழிச் சட்டம் வந்தது. ஒரு தமிழ் அரச ஊழியர் வழக்குப் போட்டார். இலண்டனில் உள்ள உங்கள் கடைசி நீதிமன்றம்வரை போனது. அவர்கள் அந்தச் சட்டம் செல்லுமா செல்லாதா என்று சொல்லாமல் வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு அந்தப் பிரிவும் போய்விட்டது, அந்த நீதிமன்றமும் போய்விட்டது."

ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "எனக்கு இது ஒன்றும் தெரியாதே" என்றார். வெட்கப்பட்டதாகத்தான் தெரிந்தது. ஆனால் தன் நாட்டைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிய மனிதருக்கு அது வெளியே செய்துவைத்தது ஒரு வரிகூடத் தெரியவில்லை என்பது எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து அவரை இன்னும் கவனமாகப் பார்த்தேன்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் அவர் ஒரு கூட்டம் சேர்த்தார். மரக்கிடங்கிலும் ரயிலிலும் பழகிய பிரித்தானியக் குடியேறிகள், இருபதுக்கு மேற்பட்டவர்கள். சாரணர் மண்டபம் ஒன்றில் ஞாயிறு பிற்பகல் கூடினார்கள். ஊரிலிருந்து மனம் கசந்து வந்தவர்கள். ஆனாலும் ஊர்ப் பத்திரிகையைக் கப்பலில் வரவழைத்து ஆறு கிழமை பிந்திய செய்திக்குச் சண்டை பிடிக்கிறவர்கள். சங்கம் ஒன்று அமைத்து, சீர்திருத்தம் கேட்டு இலண்டனுக்கு மனு அனுப்புவது திட்டம். கூட்டக் குறிப்பு எழுத என்னைக் கேட்டார்.

"நீர் போறதெண்டால் நான் வெளியில காருக்குள்ள இருப்பன்" என்றார் கணவர். அப்படியே செய்தார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் மண்டபத்துக்கு எதிரே காரை நிறுத்தி, பத்திரிகையை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டு இருப்பார். உண்மையான உளவாளி ஒருவன் அந்தத் தெருவில் வந்திருந்தால் முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பான்.

மண்டபத்தில் என்னைச் சந்தேகப்பட்டவர்கள் வேறு. முதல் கூட்டத்திலேயே செம்பட்டைத் தலைமுடி உள்ள ஒரு தாதி எழுந்து நின்றார். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர். பேச்சு வெட்டினாற்போல இருக்கும்.

"இந்த அம்மாவுக்கும் எங்கள் பாராளுமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? நாங்கள் பேசுவதை எழுதி எங்கே கொண்டுபோவார்?"

எதிர்வீட்டுக்காரர் என் பக்கம் நின்றார். "நம் எல்லோரையும்விட இவர்கள்தான் அந்தப் பாராளுமன்றத்தின் பலனை அனுபவித்தவர்கள்" என்றார். கைதட்டினார்கள். வேலி கட்டும்போது நான் சொன்னதை அவர் தன்னுடைய சொல்லாக்கிக்கொண்டது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது.

ஏப்ரலில், இங்கத்தைய இலையுதிர் காலத்தில், தலைவரைத் தெரிவுசெய்யத் தேர்தல் வைத்தார்கள். அதுவரை அவர் தற்காலிகத் தலைவர். கேட்கிற சீர்திருத்தத்தை முதலில் தாங்களே செய்து காட்டவேண்டும் என்று, ஆஸ்திரேலிய முறைப்படி விருப்ப வரிசையில் இலக்கமிட்டு வாக்களிப்பது என்று முடிவு. போட்டியிட்டவர்கள் மூன்று பேர்: எதிர்வீட்டுக்காரர், அந்தத் தாதி, ட்ராமில் டிக்கெட் கிழித்து ஓய்வுபெற்ற ஸ்கொட்லாந்துக் கிழவர் ஒருவர். மூவருக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடவேண்டும். கடைசியாக வந்தவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்தின்படி பிரிக்கவேண்டும். எண்ணும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். வாக்கில்லாதவள், எந்தப் பக்கமும் சேராதவள், முன் அனுபவம் உள்ளவள். என்னைப் பிரேரித்தவரே எதிர்வீட்டுக்காரர்தான்.

வாக்குப் பெட்டி ஒரு பிஸ்கற் தகரம். அதை எடுத்துக்கொண்டு மண்டபத்தின் பின்னால் இருந்த குசினிக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரரின் மனைவி அங்கே தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிற, அதிகம் பேசாத பெண். நான் கொழும்பில் செய்ததுபோலவே செய்தேன்: மேசையைத் துடைத்து உலர்த்தி, சீட்டுகளை முகம் மேலே தெரிய அடுக்கி, ஒவ்வொன்றையும் வாய்விட்டு வாசித்தேன்.

இருபத்துமூன்று சீட்டு. முதல் சுற்றில் எதிர்வீட்டுக்காரருக்குப் பத்து, தாதிக்கு எட்டு, கிழவருக்கு ஐந்து. கிழவரின் ஐந்தைப் பிரித்தேன். நான்கு தாதிக்குப் போயின, ஒன்று எதிர்வீட்டுக்காரருக்கு. பன்னிரண்டுக்குப் பதினொன்று. தாதி வென்றுவிட்டார். என்னை யார் என்று கேட்டு எழுந்து நின்ற அதே பெண். மறுபடி எண்ணினேன். அதே கணக்கு.

முடிவை எழுதிக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டுக்காரர் குசினிக்குள் வந்தார். கதவைச் சாத்தினார்.

"எப்படி?"

"வெளியில் வந்து சொல்கிறேன்."

"நான் தற்காலிகத் தலைவர். பார்க்கலாம்" என்று சொல்லி, தாதியின் அடுக்கை எடுத்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு சீட்டில் நின்றார். நெடுநேரம் அதையே பார்த்தார். முகம் மாறியது.

"இது செல்லாது."

வாங்கிப் பார்த்தேன். கிழவருக்கு முதல் விருப்பம், தாதிக்கு இரண்டாவது, அவருக்கு மூன்றாவது. முதல் விருப்பத்துக்கு எழுதிய ஒன்றுக்கு மேலே நீளமான கொக்கி ஒன்று இருந்தது.

"இது ஏழு" என்றார்.

"இது ஒன்று."

"பார்த்தால் ஏழு மாதிரி இருக்கிறது. சந்தேகம் உள்ள சீட்டைத் தள்ளவேண்டும் என்பதுதானே விதி?"

அதைத் தள்ளினால் பதினொன்றுக்குப் பதினொன்று. சமமாக வந்தால் தற்காலிகத் தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு உண்டு என்று விதியில் இருந்தது. அந்த விதியை அடித்தவள் நான்.

"போட்டியிட்டவர்கள் மூன்று பேர்" என்றேன். "ஏழாவது ஆள் யார்?"

தொட்டியில் கோப்பை கழுவும் சத்தம் நின்றது. அவருடைய மனைவி எங்களுக்கு முதுகு காட்டியபடியே நின்றார். திரும்பவில்லை.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு விளங்கும். அவள் கையில் போனால் மூன்று மாதத்தில் உடைந்துவிடும். இது எனக்காக இல்லை. இவ்வளவு வேலையும் வீணாகப் போகும்."

இந்தப் பேச்சை நான் வேறு மொழிகளில் கேட்டிருக்கிறேன். எனக்காக இல்லை, நாட்டுக்காக. எனக்காக இல்லை, இனத்துக்காக. சொல்கிறவரின் கண்ணில் உண்மையாகவே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

"எண்ணியதைத்தான் சொல்வேன்" என்றேன்.

"நீங்கள் எங்களோடு விருந்தாளியாக இருக்கிறீர்கள். அதை மறக்கவேண்டாம்."

அவர் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லில், நாற்பது பக்கமும் வேலியும் கைதட்டலும் ஒரு பக்கம் போய்விட்டன. சீட்டுகளைத் தகரத்துக்குள் போட்டு மூடி, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்கு வந்து, முடிவை வாசித்தேன்.

எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். கணக்கெடுத்தவருக்கு நம் கையெழுத்துப் பழக்கமில்லாமல் இருக்கலாம், மறுபடி எண்ணவேண்டும் என்றார். குரலில் மரியாதை இருந்தது. எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. பார்வைகள் எனக்குப் பழக்கமானவை. புதிதாக ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அல்ல, நினைத்தது சரியாகப் போயிற்று என்கிற பார்வை.

ஸ்கொட்லாந்துக் கிழவர்தான் எழுந்து வந்தார். "தோற்றவன் நான். எனக்கு யார் வென்றாலும் ஒன்றுதான். நான் எண்ணுகிறேன்" என்றார். மேசையில் கொட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கருகில் பிடித்து ஒவ்வொன்றாக எண்ணினார். கொக்கி வைத்த சீட்டு வந்ததும் எல்லோருக்கும் தெரியத் தூக்கிக் காட்டினார். "இது ஒன்று. ஏழு என்று யாராவது சொன்னால் அவருக்கு ட்ராம் இலக்கமும் வாசிக்கத் தெரியாது." சிரித்தார்கள். பன்னிரண்டுக்குப் பதினொன்று.

தாதி என்னிடம் வந்து கை கொடுத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி கழுவிய கோப்பைகளை எல்லாம் துடைத்து அடுக்கிவிட்டுத்தான் போனார்.

காரில் ஏறியதும் கணவர் பத்திரிகையை மடித்தார். "என்ன, முகம் ஒரு மாதிரி?"

சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. வீட்டு வாசலுக்கு வந்து எஞ்சினை நிற்பாட்டிய பிறகுதான், "ஏழாவது ஆள் ஆரெண்டு கேட்டீரோ? அவரிட்டையே?" என்றார். "ஓம்" என்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சிரித்தார்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டுக்காரர் எங்களைக் கண்டால் தலையைக் குனிந்து காலணியைப் பார்த்துக்கொண்டு போவார். நான் சங்கத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நகரத்தில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் எனக்குத் தட்டெழுத்து வேலையும் கிடைத்திருந்தது.

அப்படி இருக்கும்போது ஜூலை மாதக் குளிரில் ஒரு நாள் தேர்தல் அலுவலகத்து ஆள் ஒருவர் படிவத்தோடு வந்தார். எங்கள் பெயர்கள் வாக்காளர் பட்டியலில் இல்லையாம்.

"நாங்கள் இன்னும் இந்த நாட்டுக் குடிமக்கள் இல்லை" என்று கணவர் அவசரமாகச் சொன்னார்.

"எந்த நாடு?"

"இலங்கை."

"அப்படியென்றால் பிரித்தானியப் பிரசைகள். இங்கே ஆறு மாதம் இருந்தால் போதும். பதியத்தான் வேண்டும்."

"எங்கள் நாடு மூன்று வருடத்துக்கு முன்பே குடியரசு ஆகிவிட்டதே."

"உங்கள் நாடு ஆகியிருக்கலாம். எங்கள் சட்டத்தில் நீங்கள் பிரித்தானியப் பிரசைகள்தான்" என்று பேனையை நீட்டினார்.

அவர் போனதும் கணவர் யன்னலுக்கு ஓடினார். "உந்த மனுசன்தான் சொல்லிக் குடுத்திருக்கிறார். பழி தீர்க்கிறார்."

"வாக்குத் தந்து ஆரப்பா பழி தீர்க்கிறது?"

"பேரைப் பதிஞ்சு வச்சிருந்தால் பிறகு பிடிக்கச் சுகம்."

அந்த அலுவலர் தெருவில் எல்லா வீட்டுக்கும் போனார் என்று பிறகு தெரிந்தது. கணவர் அதை நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் முழுதாக நம்பவில்லை.

நவம்பர் பதினோராம் திகதி மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அலுவலகத்தில் யாரோ ரேடியோவை மேசைமேல் தூக்கி வைத்தார். மகாராணியின் பிரதிநிதி, தேர்தலில் வென்று வந்த ஆஸ்திரேலியப் பிரதமரைப் பதவி நீக்கிவிட்டார். தட்டெழுத்து அறையில் இருந்த பதினைந்து பெண்களும் பொறியிலிருந்து கையை எடுத்தோம். "அப்படிச் செய்ய முடியுமா?" என்று பக்கத்துக் கதிரைப் பெண் கேட்டாள். கீழ்ச்சபையில் பெரும்பான்மை இருக்கிற பிரதமரை ஒரே ஒரு மனிதர், ஒரு கடிதத்தால். முடியும் என்று எனக்குத் தெரியும். முடியரசின் அதிகாரம் பற்றி அவர் எழுதிய ஆறு பக்கத்தையும் அடித்தவள்.

மாலை ரயில் வழமைபோல ஓடியது. ஆட்கள் முன்னால் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார்கள். எதிரே இருப்பவர் எந்தப் பக்கமோ என்று. கிளென் வேவர்லி ஸ்டேஷன் வாசலில், பால் போத்தலோடு எதிர்வீட்டுக்காரரின் மனைவி நின்றார். என்னைக் கண்டு பக்கத்தில் வந்து கூட நடந்தார். பல மாதங்களுக்குப் பிறகு.

"வீட்டில் அவர் கத்திக்கொண்டிருக்கிறார்" என்றார். "இத்தனை பேர் போட்ட வாக்கை ஒரு மனிதர் எப்படி ஒன்றுமில்லாமல் ஆக்கலாம் என்று. சுவரோடு கத்துகிறார். அதுதான் பால் வாங்க வந்தேன்."

தார் போடாத எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். புழுதியில் இரண்டு பேருடைய சப்பாத்தும் ஒரே மாதிரி வெளுத்திருந்தன.

"அந்தச் சீட்டு என்னுடையது" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"கொக்கி வைத்த ஒன்று. என் அம்மா பெல்ஜியத்திலிருந்து முதலாம் போரில் ஓடிவந்தவள். அங்கே ஒன்றை அப்படித்தான் எழுதுவார்கள், எண் எழுத அவளிடம்தான் பழகினேன். அவருக்கு என் கையெழுத்துத் தெரியாதா? இருபத்தேழு வருடம் கலியாணம் முடித்து."

நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்ற அவருடைய முகம் எனக்கு ஞாபகம் வந்தது. வெறும் பேராசை என்று நினைத்துத்தான் அத்தனை மாதம் அவரை வெறுத்திருந்தேன்.

"ஏன் அவருக்குப் போடவில்லை?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று அவருக்கே தெரியும். அதுதான்" என்றார். பிறகு, "வீட்டில் இதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை" என்று சொல்லிவிட்டுத் தன் படலையைத் திறந்தார். உள்ளேயிருந்து ரேடியோச் சத்தமும் அதற்கு மேலாக அவருடைய சத்தமும் கேட்டன.

அந்தச் செய்தியைக் கணவரிடம் சொன்னேனா என்றால், அன்று சொல்லவில்லை. ஒரு வீட்டின் இரகசியத்தை இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை. அத்தோடு, எதிர்வீட்டுக்காரரின் மனைவி அன்று அதை ஏன் என்னிடம் சொன்னார் என்பதிலும் எனக்கு ஒரு சந்தேகம். என் மனம் ஆறட்டும் என்றா, அல்லது அவரை நான் மன்னிக்கவேண்டும் என்றா? அவரே சொல்லி அனுப்பினாரா? இவ்வளவு காலம் கடந்தும் என்னால் அதைத் தீர்மானிக்க முடியவில்லை.

தாதியின் தலைமையில் சங்கம் எதிர்வீட்டுக்காரர் பயந்ததுபோல மூன்று மாதத்தில் உடையவில்லை. மனுவை அனுப்பினார்கள். பெற்றுக்கொண்டோம் என்று அச்சடித்த ஒரு அட்டை இலண்டனிலிருந்து வந்ததாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்துக்கு வராமல் விட்டார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் இரண்டு வருடம் கழித்து வீட்டை விற்றுவிட்டு வடக்கே, வெயில் பக்கம் போனார்கள்.

போவதற்கு முன் நான் அவரை நேருக்கு நேர் கண்டது, பிரதமரை நீக்கியதற்கு அடுத்த மாதம், டிசெம்பர் பொதுத்தேர்தல் நாளில். ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாசலில், வெயிலில், யாருக்கு எந்த இலக்கம் போடுவதென்று பதவி இழந்த கட்சி அச்சடித்த அட்டைகளை நீட்டிக்கொண்டு நின்றார். கட்சி என்ற சொல்லையே இனி வாயால் சொல்லமாட்டேன் என்று எழுதிய மனிதர். என்னைக் கண்டதும் நீட்டிய கை பாதியில் நின்றது. நானே எட்டி வாங்கிக்கொண்டேன். "வந்தீர்களா?" என்றார். "வந்தோம்" என்றேன். அவ்வளவுதான்.

கணவர் எல்லாக் கட்சியின் அட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, எல்லோருக்கும் நன்றி சொன்னார். "இப்ப ஒருத்தருக்கும் தெரியாது பாரும், நான் எந்தப் பக்கம் எண்டு" என்று வரிசையில் என் காதில் சொன்னார். உள்ளே போய் மட்டையால் மறைத்த மேசைக்கு முன்னால் நின்றவர், மேல்சபைச் சீட்டின் நீளத்தைப் பார்த்து மலைத்து, எல்லாப் பெயருக்கும் இலக்கம் போட்டு முடிக்க இருபது நிமிடம் எடுத்தார். முடித்தவர் இரண்டு தரம் சரிபார்த்ததைத் தூரத்தில் நின்று பார்த்தேன். அரசியலோடு சங்காத்தம் வேண்டாம் என்றவருடைய நெற்றி வியர்த்திருந்தது.

வெளியே வந்ததும், "ஆருக்குப் போட்டனீர்?" என்று கேட்டார்.

"நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அது இரகசியம்."

"அப்ப எனக்கும் இரகசியம்தான்" என்றேன். காருக்கு நடந்தோம். வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு தரம் கடைக்கண்ணால் என்னைப் பார்த்தார்.